கதவு எந்தக் கைக்கதவு? கட்டட மென்பொருளில் கதவையும் ஜன்னலையும் திருப்புவது

எட்டு வீடுகள் கொண்ட சிறிய அடுக்குமாடிக் கட்டடம் அது. மாடிப்படிக்கு இடப்புறம் நான்கு வீடுகள், வலப்புறம் நான்கு. வலப்புற வீடு இடப்புற வீட்டின் கண்ணாடிப் பிம்பம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வரைபடம் என் கைக்கு வந்தது. ஒரு வீட்டை முழுதாக வரைந்துவிட்டு, கணினியில் அதை அப்படியே பிரதிபலித்து, மறுபாதியை அரை நிமிடத்தில் முடித்தேன். கதவுப் பட்டியலில் குளியலறைக் கதவுக்கு நேரே 'இடது' என்று நானே தட்டச்சு செய்திருந்தேன். பிரதிபலித்தபோது படத்தில் கதவு சரியாக மாறியது. அந்த எழுத்து மாறவில்லை. கீலும் பூட்டும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு எட்டுக் கதவுகள் வந்து இறங்கின. எட்டும் இடது. நான்கைத் திருப்பி அனுப்பினோம். நல்ல நாள் குறித்துவிட்ட ஒரு குடும்பம், குளியலறை வாசலில் திரை கட்டிக்கொண்டு பால் காய்ச்சியது.

புதிதாக வரையப் பழகுபவர்களுக்கு நான் கதவின் திசையை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது அதனால்தான். மென்பொருளில் அது ஒரு விசையை அழுத்தும் வேலை. எந்த விசை என்பதை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். அழுத்தும்போது கதவுக்கு உண்மையில் என்ன நடக்கிறது என்பது புரியத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

இரண்டு கேள்விகள், நான்கு நிலைகள்

தரைத்தள வரைபடத்தில் ஒரு சாதாரண ஒற்றைக் கதவைப் பாருங்கள். சுவரில் ஓர் இடைவெளி. அதன் ஒரு முனையிலிருந்து சுவருக்குச் செங்குத்தாக ஒரு கோடு. அதுதான் முழுதாகத் திறந்து நிற்கும் கதவுப் பலகை. அந்தக் கோட்டின் நுனியிலிருந்து இடைவெளியின் மறுமுனைக்கு ஒரு கால்வட்டம். பலகை நகரும் பாதை அது. நேர்கோடு சுவரைத் தொடும் முனையில் கீல் இருக்கிறது. கால்வட்டம் எந்த அறைக்குள் விழுகிறதோ அந்த அறைக்குள் கதவு திறக்கிறது.

ஆக, ஒரு கதவிடம் கேட்க இரண்டு கேள்விகள் உண்டு. கீல் எந்த முனையில்? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? ஒவ்வொன்றுக்கும் இரண்டு விடைகள் என்பதால், ஒரே வாசலில் ஒரே கதவை நான்கு விதமாக வைக்கலாம். பெரும்பாலான கட்டட மென்பொருள்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாக ஒரு மாற்றியைத் தருகின்றன. பெயர்கள்தான் வேறு. ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் கீலின் முனையை 'ஹேண்ட்' என்றும், திறக்கும் பக்கத்தை 'ஃபேசிங்' என்றும் சொல்கிறார்கள்.

புதியவர்கள் பலரும் இங்கே 'ரொட்டேட்' கருவியைத் தேடுகிறார்கள். நாற்காலியைத் திருப்புவதுபோலக் கதவையும் சுழற்றிவிடலாம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் சுழற்றுவது வேறு, புரட்டுவது வேறு. உங்கள் வலது கால் செருப்பைத் தரையில் வைத்து எப்படி வேண்டுமானாலும் சுழற்றிப் பாருங்கள். நுனி வாசலைப் பார்க்கும், சுவரைப் பார்க்கும். ஒருபோதும் அது இடது கால் செருப்பு ஆகாது. அதை இடதாக்க ஒரு கண்ணாடிதான் வேண்டும். கதவும் அப்படித்தான். வரைபடத்தில் ஒரு கதவை 180 பாகை சுழற்றினால் கீல் மறுமுனைக்குப் போகும், திறக்கும் பக்கமும் மறுபக்கமாகும். இரண்டும் சேர்ந்தே மாறும். பார்வைக்கு வேறு கதவுபோல இருந்தாலும், கடையில் வாங்கும்போது அது அதே கதவு.

கீலை மட்டும் மாற்றினால் கதவின் கை, அதாவது அது இடக்கைக் கதவா வலக்கைக் கதவா என்பது, மாறிவிடும். திறக்கும் பக்கத்தை மட்டும் மாற்றினாலும் கை மாறிவிடும். இரண்டையும் மாற்றினால் பழைய கைக்கே திரும்பும். நான்கு நிலைகளில் இரண்டு இடக்கைக் கதவு, இரண்டு வலக்கைக் கதவு. ஒரு தாளில் நான்கையும் வரைந்து பாருங்கள். பத்து நிமிட வேலை, பிறகு மறக்காது.

எது இடது, எது வலது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மானியத் தரமான டின் 107, கீல்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில், அதாவது கதவை நம்மை நோக்கி இழுக்கும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க வழக்கில் வெளிப்பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெளியே நின்றால் கீல் இடக்கைப் பக்கம், தள்ளினால் உள்ளே திறக்கும் ஒரு வீட்டுக் கதவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கருக்கு அது இடக்கைக் கதவு. உள்ளே போய் நின்று பார்க்கும் ஜெர்மானியருக்கு அதே கதவு வலது. மென்பொருள்களுக்கிடையே கட்டட மாதிரிகளைப் பரிமாற உதவும் ஐ.எஃப்.சி. வடிவமோ, கதவு திறக்கும் திசையை நோக்கி நின்று பார்க்கிறது. அதன் கணக்கில் இது இடது. ஆகவே கதவுப் பட்டியலில் 'இடது' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'வெளியே நின்று பார்க்க, கீல் இடப்புறம், உள்ளே திறக்கும்' என்று எழுதுங்கள். ஒரு வரி நீளும். கதவு திரும்பிப் போகாது.

ரெவிட்டில் செய்வது

ரெவிட்டில் கதவுக் கருவியை எடுத்துச் சுவருக்கு அருகே சுட்டியைக் கொண்டுபோனதும் கதவின் முன்னோட்டம் தெரியும். இன்னும் க்ளிக் செய்ய வேண்டாம். சுட்டியைச் சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். கால்வட்டமும் கூடவே பக்கம் மாறும். ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். கீல் முனை மாறும். வேண்டிய நிலை வந்ததும் க்ளிக் செய்தால் போதும். வைத்த பிறகு திருத்துவதைவிட, வைக்கும்போதே திசையைத் தீர்மானிக்கும் பழக்கம் நல்லது. அப்போதுதான் அந்த வாசலைப் பற்றி ஒரு கணமாவது யோசித்திருப்பீர்கள்.

வைத்துவிட்ட கதவைத் தேர்ந்தெடுத்தால், அதன் அருகே நீல நிறத்தில் சிறிய அம்புகள் தோன்றும். சுவரின் நீளவாக்கில் இருக்கும் இணை அம்பு கீல் முனையை மாற்றும். சுவருக்குக் குறுக்கே இருக்கும் இணை அம்பு திறக்கும் பக்கத்தை மாற்றும். அம்பு வேண்டாமென்றால், கதவைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகலாம்.

சில கதவுகளுக்கு அந்த அம்புகள் தோன்றவே செய்யாது. இணையத்திலிருந்து இறக்கிய கதவுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். பழுது உங்கள் வரைபடத்தில் இல்லை. அந்தக் கதவை உருவாக்கியவர் உள்ளே மாற்றிகளை வைக்கவில்லை. கதவைத் தேர்ந்தெடுத்து 'எடிட் ஃபேமிலி' போனால், 'கிரியேட்' தாவலில் 'கன்ட்ரோல்' என்ற கருவி இருக்கும். தரைத்தளப் பார்வையில் நின்று, செங்குத்து இணை அம்பு ஒன்றும் கிடைமட்ட இணை அம்பு ஒன்றும் கதவுக்கு அருகே வைத்துவிட்டு, மீண்டும் வரைபடத்தில் ஏற்றுங்கள். இனி எல்லா இடத்திலும் அம்புகள் வரும்.

இதற்கெல்லாம் முன்னால் சுவரைச் சரிபார்க்க வேண்டும். ரெவிட்டில் ஒவ்வொரு சுவருக்கும் வெளிப்பக்கம், உட்பக்கம் என்று உண்டு. வீட்டின் சுற்றுச்சுவரைக் கடிகாரச் சுற்றில் வரைந்தால் வெளிப்பக்கம் வெளியே அமையும். எதிர்ச்சுற்றில் வரைந்தால் வெளிப்பக்கம் வீட்டுக்குள் வந்துவிடும். உள்பூச்சு 12 மி.மீ., வெளிப்பூச்சு 20 மி.மீ. என்று அடுக்கடுக்காகச் சுவரை அமைத்திருந்தால், வெயிலும் மழையும் படும் பூச்சு வரவேற்பறைக்குள் இருக்கும்! வெறும் இரண்டு கோடுகளாகப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. சுவரைத் தேர்ந்தெடுங்கள், திருப்பும் அம்பு எந்தப் பக்கம் தெரிகிறதோ அதுதான் வெளிப்பக்கம். ஜன்னல்கள் தமக்கு எது வெளி, எது உள் என்பதைச் சுவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. முதலில் சுவர்களைச் சரிசெய்யுங்கள், அடுத்தது கதவு ஜன்னல்கள். வரிசையை மாற்றிச் சுவரைப் பின்னால் திருப்பினால், அதில் உள்ள ஒவ்வொரு திறப்பையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.

ரெவிட்டுக்குக் கட்ட வேண்டிய சந்தா மாணவப் பருவம் முடிந்ததும் கனமானது. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் இந்த வேலையை நன்றாகவே செய்கிறது. 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தபோது கட்டடம் வரைவதற்கான பகுதியும் சீராகிவிட்டது. அதில் கதவைத் திருத்தும் நிலைக்குப் போனால் 'இன்வெர்ட் ஹிஞ்ச் பொசிஷன்', 'இன்வெர்ட் ஓப்பனிங் டைரக்ஷன்' என்று இரண்டு கட்டளைகள் கிடைக்கும். நாம் பேசிய அதே இரண்டு கேள்விகள், ஒளிவுமறைவில்லாமல் அவற்றின் பெயரிலேயே. 'ஓப்பனிங்' என்ற பண்பில் 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுத்தால் கதவு அந்த அளவுக்குத் திறந்து நிற்கும். எல்லாக் கதவுகளையும் 50-இல் வைத்து முப்பரிமாணத்தில் வீட்டுக்குள் ஒரு நடை போய்வாருங்கள். கால்வட்டங்கள் சொல்லாத பல விஷயங்களை அந்த அரைத் திறப்பு காட்டிக்கொடுக்கும்.

எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?

மென்பொருள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. நான்கு நிலைகளும் அதற்கு ஒன்றுதான்.

அறைக் கதவு பொதுவாக அறைக்குள் திறக்கும். கீல், பக்கத்துச் சுவருக்கு அருகில் உள்ள முனையில் இருந்தால், திறந்த கதவு அந்தச் சுவரோடு ஒட்டி ஒதுங்கிவிடும். அறையின் நடுவே நீட்டிக்கொண்டு நிற்காது. இது எல்லோரும் அறிந்தது. ஆனால் வரைபடம் முடிந்த பிறகு, கடைசி வாரத்தில், யாரோ ஒரு யோசனை சொல்லி ஒரு கதவின் கீலை மறுமுனைக்கு மாற்றுவார்கள் பாருங்கள், அங்கேதான் விளக்கு சுவிட்சு மாட்டிக்கொள்கிறது. சுவிட்சுப் பலகை எப்போதும் கைப்பிடிப் பக்கம் இருக்க வேண்டும். கதவைத் திறந்ததும் கை தானாக அங்கே போகும். கீலை மாற்றிவிட்டு மின்சார வரைபடத்தை மாற்றாமல் விட்டால், சுவிட்சு திறந்த கதவுக்குப் பின்னால் போய்விடும். இருட்டில் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, அதன் பின்னால் தடவித்தான் விளக்கைப் போட முடியும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்னக் குறை அல்ல. ஆகவே ஒரு கதவைப் புரட்டியதும் அந்த அறையின் சுவிட்சைப் பாருங்கள். இதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

குளியலறைக் கதவு உள்ளே திறப்பதுதான் வழக்கம். ஈரம் வெளியே சொட்டாது, நடைவழியும் மறையாது. ஆனால் உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால், வெளியிலிருந்து கதவைத் தள்ள முடியாது. பெற்றோர் தங்கப்போகும் அறையின் குளியலறைக் கதவை வெளியே திறக்கும்படியோ, பக்கவாட்டில் நகரும்படியோ வைக்கச் சொல்லி நான் எப்போதும் வற்புறுத்துகிறேன். சக்கர நாற்காலி புழங்கும் இடமென்றால் இன்னும் அவசியம்.

நம் அடுக்குமாடி வீடுகளில் தலைவாசலில் இரண்டு கதவுகள் இருக்கும்: உள்ளே திறக்கும் மரக்கதவு, அதற்கு முன்னால் வெளியே திறக்கும் இரும்பு கிரில் கதவு. மரக்கதவை மட்டும் வரைந்து கிரில்லை மறந்துவிடும் வரைபடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு எதிர்வீட்டு கிரில்லும் இந்த வீட்டு கிரில்லும் படிக்கட்டு மேடையில் ஒன்றோடொன்று இடிக்கும். இரண்டையும் வரையுங்கள். வாஸ்து பார்த்துத் தலைவாசல் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால், மறுக்காமல் மாற்றிக்கொடுங்கள், ஒரு விசைதானே. மாற்றிய பிறகு சுவிட்சு, அழைப்பு மணி, செருப்பு அலமாரி மூன்றும் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

பலர் கூடும் இடத்துக்கு வரும்போது, திசை என்பது வசதியைப் பற்றிய பேச்சாக இருப்பதில்லை. இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் நகரில் விக்டோரியா ஹால் என்ற அரங்கில், 1883 ஜூன் 16 அன்று குழந்தைகளுக்கான ஒரு நிகழ்ச்சி நடந்தது. முடிவில் மேடையிலிருந்து பரிசு கொடுக்கத் தொடங்கியதும், மாடத்தில் இருந்த குழந்தைகள் படிக்கட்டில் இறங்கி ஓடிவந்தார்கள். படியின் அடியில் இருந்த கதவு உள்நோக்கித் திறப்பது. ஒருவர் மட்டும் நுழையும் இடைவெளி விட்டு அது தாழிடப்பட்டிருந்தது. முன்னால் வந்தவர்கள் கதவில் நெரிபட்டார்கள், பின்னால் வருபவர்களுக்கு அது தெரியவில்லை. 183 குழந்தைகள் இறந்தார்கள். கூட்டம் உடலால் தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ்ப்பாளுக்கு ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் 1892-இல் காப்புரிமை பெற்றதற்குப் பின்னால் அந்தத் துயரம் இருக்கிறது. இன்று இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் வழிக் கதவுகள் அறையிலிருந்து வெளிநோக்கித் திறக்க வேண்டும், அதே நேரம் நடைவழியில் போவோரை மறிக்கவும் கூடாது என்கிறது. இரண்டையும் நிறைவேற்ற, கதவை நடைவழியிலிருந்து சற்று உள்வாங்கி வைக்க வேண்டியிருக்கும். திருமண மண்டபமோ பள்ளியோ வரையும்போது, திறக்கும் பக்கத்தை மாற்றும் அந்தச் சிறிய அம்பை க்ளிக் செய்யும் விரல் ஒரு நொடி நிற்க வேண்டும்.

ஜன்னலின் உள்ளும் வெளியும்

ஜன்னல் புரண்டிருப்பது கதவைப்போல எளிதில் கண்ணில் படாது. வரைபடத்தில் பெரும்பாலும் சுவருக்குள் இரண்டு மூன்று இணைகோடுகள், அவ்வளவுதான். ஆனால் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் என்று ஒன்று நிச்சயமாக உண்டு. மழைநீர் வழிந்து விழ வெளிநோக்கிச் சரிந்த அடிப்பலகை அங்கே இருக்கிறது. நம் ஊர் வீடுகளில் இரும்பு கிரில் உட்பக்கம், கண்ணாடிக் கதவுகள் அதற்கு வெளியே, வெளிநோக்கித் திறப்பவை. மென்பொருளில் ஜன்னல் புரண்டுகிடந்தால் சரிவு அறைக்குள் வரும். ஜன்னல் கதவு கட்டிலின் மேல் திறக்கும். தரைத்தளப் படத்தை நம்பாமல், குறுக்குவெட்டுத் தோற்றம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முப்பரிமாணத்தில் வீட்டைச் சுற்றிவந்தாலும் போதும். எல்லா ஜன்னல்களிலும் அடிப்பலகை துருத்திக்கொண்டிருக்க, ஒன்றில் மட்டும் மொட்டையாக இருந்தால், புரண்டது அதுதான்.

முகப்புத் தோற்றத்தில் ஜன்னல் கதவின் மேல் ஒரு முக்கோணம்போல இரு கோடுகள் இழுத்திருப்பார்கள். அவை கூடும் முனையில் கீல் இருக்கிறது என்பது பரவலான மரபு. சில நாடுகளில் இதற்கு நேர்மாறாக, அந்த முனை கைப்பிடியைக் காட்டும். வெளிநாட்டு நிறுவனத்தின் ஜன்னல் மாதிரியைப் பயன்படுத்தினால், முக்கோணம் எதைக் குறிக்கிறது என்று வரைபடத்தின் ஓரத்திலேயே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

ஜன்னலின் திசை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: அது எந்தத் திக்கைப் பார்க்கிறது என்பது. மனையின் எல்லை வடக்குக்குச் சாய்ந்திருந்தாலும், வரையும் வசதிக்காகச் சுவர்களைத் திரைக்கு நேராகவே வைத்துக்கொள்கிறோம். அதனால் ரெவிட்டில் வடக்கு இரண்டு. 'பிராஜெக்ட் நார்த்' என்பது திரையின் மேல்பக்கம். 'ட்ரூ நார்த்' என்பது உண்மையான வடக்கு. 'மேனேஜ்' தாவலில் 'பொசிஷன்' என்பதன் கீழ் உண்மை வடக்கைச் சுழற்றி அமைக்கலாம். அதைச் செய்யாமல் நிழல் எங்கே விழுகிறது என்று கணினியைக் கேட்டால், வேறு ஏதோ ஒரு வீட்டின் நிழலைத்தான் அது காட்டும்.

இந்தக் கணக்கில் பாடநூல்களை அப்படியே நம்ப வேண்டாம். வடக்கு ஜன்னலில் நேர்வெயில் படாது என்று பல நூல்கள் சொல்வது, நம்மைவிட வெகு வடக்கே உள்ள ஊர்களுக்குப் பொருந்தும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சூரியன் ஜூனில் 23.4 பாகை வரை வடக்கே போகிறது. ஜூன் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் உச்சிக்குச் சுமார் 10 பாகை வடக்கே நிற்கும். கோடை முழுவதும் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும். டிசம்பரில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 36 பாகைக்கு மேல் தெற்கே இறங்கிவிடும். வடக்கு, தெற்கு ஜன்னல்களுக்கு மேலே ஒரு சன்ஷேட் போட்டால், உயரத்தில் நிற்கும் நண்பகல் சூரியனைத் தடுத்துவிடலாம். மேற்கு ஜன்னலுக்கு அது போதாது. மாலை நான்கு மணிக்குமேல் சூரியன் சன்ஷேடுக்குக் கீழே இறங்கி நேராகக் கண்ணாடிக்குள் நுழையும்; அங்கே பக்கவாட்டில் நிற்கும் தடுப்போ, ஒரு மரமோ, ஜன்னலையே சிறிதாக்குவதோதான் உதவும்.

உண்மை வடக்கைச் சரியாக வைத்து, உங்கள் ஊரையும் அமைத்துவிட்டு, மே மாதத்து மாலை ஐந்து மணிக்குச் சூரியனை நிறுத்திப் பாருங்கள். படுக்கையறைத் தரையில் வெயில் எதுவரை வருகிறது என்று திரையில் தெரியும். அங்கே கட்டிலை வரைந்திருந்தால், ஜன்னலை வேறு சுவருக்கு நகர்த்த இன்னும் நேரமிருக்கிறது.